முதற்பிடி வாற்கோதுமை

கொழும்புத்துறை,
யாழ்ப்பாணம்.
18 ஆவணி 2024

அன்புள்ள மகள் அனிற்றாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

ஆண்டவரின் இரக்கத்தால் நானும் மருமகள் ஜெசிதாவும் சுகம், கிணற்றடி முருங்கையும் சுகம், பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைக்கிற அளவுக்குச் சுகம். அங்கே நீயும் மருமகனும் சின்னவனும் நோய் நொடியில்லாமல் இருக்க மாதாவைக் கேட்டபடி இருக்கிறேன். ரெலிபோன் இருக்க இதென்ன கடிதம் என்று முகத்தைச் சுளிக்காதே. ரெலிபோனை நீ நடுவில் வைத்துவிடுவாய், கடிதத்தை வைக்க முடியாது, அதுதான். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற கிறிஸ்ரி லீவில் வந்து நின்றவன் வியாழக்கிழமை நோர்வேக்குத் திரும்புகிறான். மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் இறால் கருவாடும் கட்டி அவனிடம் கொடுத்துவிடுகிறேன், அதற்குள் இந்தக் கடிதமும் வரும். கருவாட்டைப் பிரிக்க முதல் இதை வாசித்து முடி.

மருமகன் ஒரு படம் அனுப்பியிருந்தார், நீங்கள் மூன்று பேரும் ஒரு வயல் கரையில் நிற்கிறீர்கள், பின்னால் இருப்பது பார்லி என்று கீழே எழுதியிருந்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உங்களைப் பார்க்கவில்லை, பார்லியைத்தான் பார்த்தேன். இந்த வயதுக்கு அது பயிராக நிற்பதை நான் கண்டதில்லை பிள்ளை. எனக்குத் தெரிந்த பார்லி கடையில் பைக்கற்றில் வருவது, சித்திரை வெயிலில் உங்கள் இரண்டு பேருக்கும் அவித்து வடித்துத் தேசிக்காய் பிழிந்து தருவேனே, அது. நீ ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை அண்ணையின் கோப்பையில் ஊற்றுவாய். அவன் உன்னைக் காட்டிக்கொடுக்காமல் இரண்டையும் குடிப்பான், குடித்துவிட்டு அடியில் கிடக்கும் மணியையும் சீனி போட்டுத் தின்பான். எனக்கு எல்லாம் தெரியும், தெரியாதமாதிரி இருந்தேன். இப்போது என் கால் வீக்கத்துக்கு ஜெசிதா அதை அவித்துத் தருகிறாள், குடிக்கும்வரை பக்கத்தில் நிற்பாள், நான் ஊற்றுவதற்கு வேறு கோப்பை கிடையாது.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன், எழும்பிப் போய்விடாதே. எங்கள் கோயில் அன்பியக் கூட்டத்தில் பைபிளில் இருந்து ரூத்தின் புத்தகம் வாசித்தோம். அதில் வாற்கோதுமை அறுப்புத் தொடங்கும் காலத்தில் மகனைப் பறிகொடுத்த நகோமியும் அவளை விட்டுப் போகாத மருமகள் ரூத்தும் பெத்லகேமுக்கு வந்து சேருகிறார்கள். வாற்கோதுமை என்றால் பார்லிதான் என்று சிஸ்ரர் சொன்னா. அது அங்கே ஏழைகளின் தானியமாம், ஆண்டவர் பலுகப் பண்ணிய அந்த ஐந்து அப்பமும் வாற்கோதுமை அப்பமாம், கோதுமைக்கு முதலே விளைந்துவிடுமாம். விளைந்ததும் முதற்பிடிக் கதிரைக் கோயிலுக்குக் கொண்டுபோகவேண்டும், அதுவரை வீட்டில் ஒருவரும் புதுத் தானியத்தில் வாய் வைக்கக்கூடாதாம். இதைக் கேட்டதும் எனக்கு உங்கள் அப்பாவின் நினைவு வந்துவிட்டது. மாரி பெய்து இறால் தொடங்கும்போது முதல் நாள் சிறகுவலையில் பட்டதை அவர் நிறுக்காமல், ஒன்றையும் எடுக்காமல் பறிக்கூடையோடு கோயிலுக்குக் கொண்டுபோய் வைப்பார். நீ வாசலில் விழுந்து புரண்டு அழுவாய், எங்களுக்கே இல்லை, சுவாமிக்கு என்னத்துக்கு என்று. நாளைக்குப் படாவிட்டால் என்ன செய்வீர் என்று நானும் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டு, நாளைக்குப் படுமெண்டு தெரிஞ்சால் ஆரும் குடுப்பினமடி, தெரியாமல் குடுக்கிறதுதான் அவருக்குக் குடுக்கிறது என்பார். கீழ்ப்படிவு என்றால் அதுதான் என்று இப்போது விளங்குகிறது. மிச்ச வயல் விளையுமா, மழை அடிக்குமா என்று தெரியாத நேரத்தில் முதற்பிடியை அறுத்துக் கொடுப்பது. பத்தாயம் நிறைந்த பிறகு கொடுப்பது வேறு.

கூட்டத்தில் எல்லோரும் ஜெசிதாவைப் பார்த்துச் சிரித்தார்கள், கத்தரீனாக்கா, உங்கடை வீட்டிலும் ஒரு ரூத் இருக்கிறா என்றார்கள். எனக்குப் பெருமையில் தலை கனத்துப் போனது. லெனாட் அண்ணை போன பிறகு, நீ உன்ரை ஊருக்குப் போ பிள்ளை என்று நான் சொன்னதும், முல்லைத்தீவில் எனக்கு ஆர் மாமி இருக்கினம், நீங்கள் இருக்கிற இடம்தான் என்ரை இடம் என்று அவள் சொன்னதும் உனக்குத் தெரியும். இந்த மூன்று வருஷத்தில் அவள் என் சொல்லைத் தட்டினது கிடையாது. ஆனால் சிஸ்ரர் அடுத்த பக்கத்தை வாசித்தபோது எனக்குக் கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது. கீழ்ப்படிந்தது ரூத் மட்டும் இல்லை பிள்ளை. உனக்கு ஒரு நல்ல வாழ்வை நான் தேடவேண்டாமா மகளே என்று அந்தக் கிழவி நகோமிதான் தொடங்குகிறாள், அவள்தான் ரூத்தைக் கலியாணம் கேட்டு வயல்காரன் போவாசிடம் அனுப்புகிறாள். ஊருக்கு வந்த அன்று, நிறைவாகப் போனேன், வெறுங்கையாய் வந்தேன் என்று ஒப்பாரி வைத்தவள். பக்கத்தில் ஒரு பிள்ளை மூட்டையோடு நிற்கிறாள், வெறுங்கையாம்! நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஜெசிதாவுக்கு முப்பத்துமூன்று வயது, அவளுடைய கீழ்ப்படிவைக் குடித்துக்கொண்டு நான் சுகமாக இருந்தேன்.

அதனால்தான் அண்ணையோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போய்வந்த லியோனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனாக வரவில்லை, நானாகக் கூப்பிட்டேன், இதை நீ நல்லாய் மனதில் வைத்துக்கொள். அண்ணையின் செத்தவீட்டுக்குப் பிறகு அவன் கடலுக்குப் போய் வருகிற நாளெல்லாம் எங்கள் வாசல் படலையில் ஒரு பையில் மீன் கொழுவியிருக்கும், ஆள் உள்ளே வந்ததில்லை. முதல் வருஷம் நான் அந்த மீனை ஜெசிதாவைக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கொடுப்பித்தேன், அப்படியும் அவன் நிறுத்தவில்லை. உள்ளுக்கு வா தம்பி என்று கூப்பிட்டு, ஜெசிதாவைக் கட்டுவியோ என்று நேரே கேட்டேன், எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. லெனாட்டின்ரை இடத்துக்கு நான் வர ஏலாது அம்மா, ஆனால் அவா தனிய இருக்கிறதை நினைச்சால் எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை என்றான். அவ்வளவுதான் கதைத்தான்.

இதை உனக்கு ரெலிபோனில் சொன்னபோது, அண்ணையைக் கடலுக்குக் கொண்டுபோனவனுக்கு அண்ணையின்ரை பெண்சாதியையும் குடுக்கப் போறியளோ, அண்ணையை மறந்திட்டியளோ அம்மா என்று கேட்டுவிட்டு வைத்தாய். பிறகு எடுக்கிற நேரமெல்லாம் அங்கே மழை, சின்னவனுக்குச் சளி, இவ்வளவுதான் கதை. மகளே, அந்தக் கேள்வி என்னை எப்படிச் சுட்டது என்று நான் எழுதப் போவதில்லை. அவனை மறக்க எனக்கு ஏலுமா? இன்றைக்கும் மீன் குழம்பு வைத்தால் தலையை அவனுக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதைப் போடுகிறேன். ஆனால் உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அண்ணை போன அந்தக் கார்த்திகையில் வயிற்றில் சின்னவனோடு, கொரோனாவுக்குள் நீ வர ஏலாமல் அங்கே கிடந்து துடித்தாய், அந்த நேரத்தில் சொன்னால் தாங்கமாட்டாய் என்று விட்டுவிட்டேன். காற்றில் வள்ளம் கவிழ்ந்தபோது அண்ணைக்குத் தலையில் அடிபட்டுவிட்டது, கொஞ்ச நேரத்திலேயே மூச்சு நின்றுவிட்டது. லியோன் அவனை விடவில்லை. நங்கூரக் கயிற்றால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். தேடிப்போனவர்கள் கயிற்றை வெட்டித்தான் இரண்டு பேரையும் பிரித்தார்கள். எதற்கடா இப்படிச் செய்தாய், நீயும் அவனோடு தாண்டு செத்திருப்பாயே என்று அவர்கள் ஏச, தாய்க்குக் காட்ட வேணும் என்றானாம். கடலோடு போன எத்தனை பிள்ளைகளுக்கு இந்தக் கரையில் குழி இல்லை என்று உனக்குத் தெரியும். நீ போனில் பார்த்து அழுத முகம் அவன் கொண்டுவந்து தந்த முகம் பிள்ளை.

ஜெசிதாவிடமும் கேட்டேன். முதலில் மாட்டன் என்று அழுதாள், உங்களை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு சொன்னனான் மாமி என்றாள். விட்டுப்போகச் சொல்லவில்லை, லியோன் இங்கே வந்து இருக்கட்டும் என்றேன், தகப்பன் தாய் இல்லாத உன்னை நான்தான் கோயிலில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றேன். உண்மையைச் சொன்னால் என் கையில் மிஞ்சியிருப்பது அவள் ஒருத்தி, கலியாணம் கட்டினால் என்னை எப்படிப் பார்ப்பாளோ, எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் கொடுக்கிறேன். கடைசியில், நீங்கள் சொன்னால் கேட்பன் மாமி, ஆனால் அனிற்றா மச்சாள் தன்ரை வாயால் ஓம் எண்டு சொல்ல வேணும், அவா மனம் நொந்தால் எனக்கு ஒண்டும் வேண்டாம் என்றாள். பங்குச் சுவாமியிடம் கதைத்து வைத்திருக்கிறேன், புரட்டாதியில் தொடர்ந்து மூன்று ஞாயிறு கலியாண அறிவித்தல் வாசிக்கலாம் என்கிறார், உன் பதில் வராமல் பெயர் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சின்னவனோடு வீட்டில் தமிழில் கதை, வெளியே போகும்போது குளிருக்கு அவன் காதை மூடு. மருமகனுக்கு என் அன்பைச் சொல்லு, படத்துக்கு நன்றியும் சொல்லு. நீ மெலிந்துபோய் நிற்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடு. கிறிஸ்ரி வந்து இதைத் தந்ததும் எனக்கு எடுக்காதே, ஜெசிதாவின் நம்பருக்கு எடு. உன்னை நான் வற்புறுத்தவில்லை. நீ வேண்டாம் என்றால் அவள் சண்டை பிடிக்கமாட்டாள், சரி மச்சாள் என்று சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணீர் போடப் போவாள். நான் கண்ணை மூடின பிறகும் இந்த வீட்டை விடியத் திறந்து பொழுதுபட்டால் பூட்டிக்கொண்டு தனியே கிடந்து நரைப்பாள், நீ சொன்னாய் என்பதற்காக. அவள் கேட்பாள் பிள்ளை. அதுதான் எனக்குப் பயம்.

மாதா உன்னையும் உன் குடும்பத்தையும் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
கத்தரீனா