பாலம் தாண்டிய குரங்கு

கிழக்கூர்
பன்னிரண்டாம் மாதம், எட்டாம் நாள்

மேற்கூர்ப் பெரியவர், என் சம்பந்தி பெய் தியென்யோவுக்கு, கெங் மான்ட்சாங் சொல்லி எழுதியது.

உங்கள் மூட்டுவலி தேவலையா? வருஷா வருஷ வழக்கப்படி, மாதம் பிறந்ததிலிருந்து இரண்டு ஊருக்கும் பேச்சு கிடையாதே. புதுவருஷ ஊர்வலம் முடியும்வரை வசவைக்கூட டோஃபுக்காரன் கூடையில்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. எனக்கு எழுத்து தெரியாது. எழுதுவது என் மருமகள், உங்கள் மகள் சுன்யான். வசவு மட்டும் என்னுடையது.

உங்கள் ஊர்ப் பன்றி வேஷத்துக்கு இந்த வருஷமும் அதே ஆள்தானாமே. நல்லது, முகப்பூச்சு மிச்சம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குரங்குச்சாமி வேஷக்காரன், அதுதான் கறிக்கடைக்காரன் மா, கழுதை உதைத்துக் கால் ஒடிந்து கிடக்கிறான். குரங்கு இல்லாமல் ஊர்வலம் ஏது? காலில் ஆளுயரக் கட்டை கட்டி, அந்தக் கட்டைக்காலில் ஏறிக் குதிக்க இங்கே ஆள் இல்லை என்று நான் தலையில் கை வைத்திருந்தபோது, "மாமா, நான் ஏறட்டுமா?" என்றாள் சுன்யான். ஏறிக் காட்டினாள். களத்துமேட்டில் கோழிகூடக் கத்தாமல் பார்த்தது. குரங்கு முகம் பூசிக்கொள்ளப்போவது அவள்தான். சின்ன வயதிலிருந்தே ஆசையாம். உங்களிடம் கேட்க பயமாம்.

கெங் மான்ட்சாங்

மேற்கூர்
பன்னிரண்டாம் மாதம், பதினொன்றாம் நாள்

சம்பந்திக்கு,

மூட்டுவலி அப்படியேதான். உங்கள் கடிதம் வந்தபின் தலைவலியும் சேர்ந்துகொண்டது. பன்றியைப் பற்றி எழுதியதை அவனுக்கே படித்துக் காட்டினேன். சந்தோஷப்பட்டான்.

குரங்கு பாலம் தாண்டி வந்தால் மேற்கூர்ப் பெரியவன் ஊதுபத்தி ஏற்றி, மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். என் அப்பா வைத்தார், நானும் வைக்கிறேன். நான் பெற்ற பெண்ணின் முன்னால், ஊர் பார்க்க, நான் மண்டியிடுவதா? வேறு யாருக்காவது முகம் பூசுங்கள். இல்லையென்றால் மேற்கூரில் ஒரு கதவும் திறக்காது. ஊதுபத்தி காணாத குரங்கைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போங்கள்.

பெய் தியென்யோ

கிழக்கூர்
பன்னிரண்டாம் மாதம், பதினான்காம் நாள்

சம்பந்திக்கு,

தராசில் கட்டைவிரலை வைக்கிறவன் கறிக்கடை மா. இத்தனை வருஷம் நீங்கள் கும்பிட்டது அவனையா? முகத்தில் சிவப்பும் பொன்னும் ஏறிவிட்டால் உள்ளே ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. குரங்குதான்.

எனக்கு எழுத்துதான் வராது, மறதியும் வராது. சுன்யானுக்கு நாலு வயதில் அம்மை வார்த்திருந்தது. அந்த வருஷம் குரங்குக்குக் குடை பிடித்து வந்தவன் நான். நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, காப்பாற்று என்று அதன் கையில் கொடுத்தீர்கள். வலது காலில் செருப்பு இல்லை, பனியில் புதைந்துபோனதைக் கவனிக்கவே இல்லை. உள்ளே இருப்பது யார் என்று அன்றைக்குக் கேட்டீர்களா?

குரங்கும் பன்றியும் ஒரு துறவிக்குத் துணையாக மேற்கே போன அந்தப் பெரிய கதையை யாரோ எழுதி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டதாம். நானும் படித்ததில்லை, நீங்களும் படித்ததில்லை. ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் குரங்குக்கு ஊதுபத்தி வைக்கிறோம். தின்றுவிட்டுத் தூங்குகிற மாப்பிள்ளையைப் பன்றி என்கிறோம். வழக்கு என்று வந்தால், வானத்து ராஜாவையே எதிர்த்தவன் அந்தக் குரங்கு, நான் உனக்கு பயப்படுவேனா என்கிறோம். புத்தகம் இல்லாத வீட்டிலும் அவன் குடியிருக்கிறான். அவனுக்கா கதவைச் சாத்துவீர்கள்?

எழுதுகிறவள் கை நின்றுவிட்டது. "மாமா, செருப்பு விஷயத்தை அடித்துவிடட்டுமா?" என்கிறாள். "அடிக்காதே, எழுது" என்றேன்.

எங்கள் குரங்கு வரும்.

கெங் மான்ட்சாங்

மேற்கூர்
முதல் மாதம், பதினாறாம் நாள்

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. பதில் கிடைக்கவில்லை, அதுதான் காரணம்.

நேற்று நீங்கள் முரசுக்காரர்களோடு பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டீர்கள். இந்தப் பக்கம் நடந்ததை நானே சொல்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். முரசுச் சத்தம் பாலத்து அந்த முனைவரை வந்து நின்றது. "குரங்கு காத்து நிற்கிறது, நீங்கள் இங்கே என்ன, அடைகாக்கிறீர்களா?" என்று என் மனைவி தாழ்ப்பாளை எடுத்தாள். போனேன்.

ஆற்றுக்காற்றில் தீக்குச்சி ஒவ்வொன்றாக அணைந்தது. ஊரே பார்க்கிறது. மகள் பேரைச் சொல்லித் திட்டிவிடலாம் என்றுதான் நிமிர்ந்தேன். அவ்வளவு உயரக் கட்டைக்காலில் நின்றபடி அந்தக் குரங்கு இடுப்பை வளைத்துக் குனிந்து, என் கையைச் சுற்றித் தன் சட்டைக்கையால் காற்றை மறைத்தது. கட்டைக்காலில் அப்படிக் குனிந்த ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. கறிக்கடை மா குனிந்திருந்தால் ஆற்றில் கிடப்பான்.

ஊதுபத்தி பற்றிக்கொண்டது. அப்புறம் யார் மகள், யார் தகப்பன் என்ற நினைப்பே வரவில்லை. நெற்றியில் மண் பட்டபோதுதான் மண்டியிட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. எழுந்து திரும்பினால் எனக்குப் பின்னால் ஊரே தரையில் கிடக்கிறது. எங்கள் பன்றியும்தான்.

ஜெயித்தது கிழக்கூர் என்று உங்கள் ஆட்கள் கூச்சல் போடுகிறார்களாம். அந்தக் குரங்கு பிறந்தது மேற்கூரில். எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்பு அது. ஆகவே ஜெயித்தது நாங்கள். இதற்கு நீங்கள் பதில் தேடுங்கள்.

உங்களுக்கு இவ்வளவுதான். இனி எழுதுவது, இதை உங்களுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறவளுக்கு.

சுன்யான், நேற்று ஊதுபத்திப் புகையில் உன் அம்மாவுக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லையாம். நாளைக்கு வீட்டுக்கு வா. முகம் பூசிக்கொண்டு, கட்டைக்காலிலேயே வா. நம் வாசல்நிலை தாழ்வு, உனக்குத் தலை இடிக்கும். மேல்சட்டத்தைக் கழற்றத் தச்சனை வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா