ஆறாவது வரி

பிப்ரவரி 9, ஞாயிறு

மரக்காணம் வந்து சேர்ந்தேன். நாளை முதல் ஐந்து நாள் பயிலரங்கு: எண்கணிதத்தின் தர்க்க அடித்தளங்கள். ஏற்பாடு எல்லாம் தமிழரசன், ஒரு காலத்தில் என்னிடம் படித்தவன். சாலையோரம் ஒரு விருந்தினர் இல்லத்தைப் பிடித்திருக்கிறான். மாடி அரங்கின் ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டியவரை உப்பளம். மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன் என்பதால் கடைசி நாள் எனக்குப் பாராட்டு விழாவாம். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

பிப்ரவரி 10, திங்கள்

முப்பத்தொரு பேர். இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி, சத்யப்ரியா, அனுமந்தையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். ஆராய்ச்சி மாணவி. அப்பா கடலுக்குப் போகிறவராம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று என் பேச்சு. 2003இல் நான் நிறுவிய தேற்றம். அதுவரை எண்கணிதத்தின் எல்லா விதிகளையும் வைத்து நிறுவிவந்த ஓர் உண்மையை, மிகக் குறைந்த விதிகளை வைத்தே நிறுவலாம் என்று காட்டினேன். எனக்கு இருக்கும் பெயரெல்லாம் அதனால் வந்ததுதான்.

சத்யப்ரியா எழுந்தாள். "சார், ஆறாவது வரியில, பொருட்கள்ல எதை எடுக்கலாம், எதை விடலாம்ங்கிற எல்லாத் தேர்வுகளையும் எழுதின ஒரே பட்டியல்னு எடுத்துக்கறீங்க. அவ்ளோ நீளமான பட்டியல் இருக்குதுன்னு இந்த விதிகளை வச்சே காட்ட முடியுமா சார்?"

"பட்டியல் போடத் தெரியாதாம்மா உனக்கு? ரேஷன் கடையிலகூடப் போடுறாங்களே!"

அரங்கமே சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, சும்மா, அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். ஒரு பொருள் கூடினால் பட்டியல் இரண்டு மடங்காகும். பத்துப் பொருளுக்கே ஆயிரத்துக்கு மேல். அப்படி மடங்கு மடங்காகப் பெருகும் எண் எப்போதும் இருக்கிறது என்று சொல்ல நான் வைத்துக்கொண்ட விதிகளுக்குச் சக்தி கிடையாது. விதிகளைக் குறைத்தேன் என்பதுதானே என் பெருமை?

வேறு வழி இருக்கும். இருக்கவேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

வேறு வழி இல்லை.

அந்தப் பெண் இன்று வரவில்லை. அவள் நாற்காலி காலி. நான் என்ன செய்தேன்? எழுந்து நின்று, நேற்றைய தேற்றத்தின் மேல் கட்டிய இரண்டாம் பேச்சையும் பேசினேன். கைதட்டினார்கள். தெரிந்தே பேசினேன். இருபத்திரண்டு வருஷம் தெரியாமல் பேசியது வேறு, இன்று ஒரு மணி நேரம் பேசியது வேறு.

சாயங்காலம் மனைவி சுலோசனாவிடம் போனில் சொன்னேன். கணக்கு அவளுக்குப் புரியாது. என் குரல் புரியும்.

"அந்தப் பொண்ணு கேட்டது சரின்னு அதுகிட்ட சொன்னீங்களா?"

"இன்னைக்கு வரல."

"அனுமந்தை என்ன அமெரிக்காவா?"

பிப்ரவரி 13, வியாழன்

காலைப் பேச்சுகளுக்குப் போகாமல் அனுமந்தைக்குப் பஸ் ஏறினேன். வீடு கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. "கணக்குப் படிக்கிற பொண்ணு" என்றதும் கொண்டுபோய் விட்டார்கள். அவள் அம்மா லட்சுமியம்மாள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார். "நேத்திலேர்ந்து சரியா சாப்பிடல சார் இவ. கேட்டா பேச மாட்டேங்கிறா."

கோபித்துக்கொண்டு வராமல் இருக்கிறாள் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். உள்ளே தரையெல்லாம் காகிதம்.

"கோவமெல்லாம் இல்ல சார். எல்லாரும் சிரிச்சதும் நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு நெனச்சேன். உங்க ஆறாவது வரி சரின்னு காட்டிட்டு வந்துடலாம்னு உக்காந்தேன். எத்தனையோ விதமா பாத்துட்டேன், வரமாட்டேங்குது சார்."

என் வரியைக் காப்பாற்ற உட்கார்ந்திருக்கிறாள்!

"வராதும்மா. அது தப்பு. நீ கேட்டதுதான் சரி. அன்னிக்கு நான் பேசினதும் தப்பு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒரு காகிதத்தைத் தேடி எடுத்தாள். "பொருட்கள் ரொம்பக் கொஞ்சமா இருந்தா மட்டும் வருது சார். பாக்கறீங்களா?"

பார்த்தேன். சரியாக இருந்தது. லட்சுமியம்மாள் இருவருக்கும் சோறு போட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

கரும்பலகையில் ஆறாவது வரியை எழுதி, அதன் குறுக்கே கோடு போட்டேன். "கண்டுபிடிச்சது சத்யப்ரியா. செவ்வாய்க்கிழமை நான் கிண்டல் பண்ணினேனே, அதே பொண்ணு." சுண்ணக்கட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தேன். முதலில் பலகையைப் பார்த்தே பேசினாள். பத்து நிமிஷம் போனபின் எங்களையெல்லாம் மறந்துவிட்டாள்.

முடிந்ததும் தமிழரசன் சால்வையைப் பிரிப்பதா மடிப்பதா என்று தெரியாமல் பக்கத்தில் வந்து நின்றான்.

"போட்டுடவா சார்?"

"போடுப்பா."

பிப்ரவரி 20, வியாழன்

என் தேற்றத்தை நம்பிக் கட்டுரை எழுதிய பதினொரு பேருக்கும் கடிதம் அனுப்பினேன். ஒருவர் மிகக் கடுமையாகப் பதில் போட்டிருக்கிறார். நியாயம்தான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பொருட்கள் கொஞ்சமாக இருந்தால் மட்டும் வருவதைச் சத்யப்ரியா கட்டுரையாக எழுதி எனக்கு அனுப்பினாள். தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர். என் பெயரை அடித்துத் திருப்பி அனுப்பினேன். மறுபடி இரண்டு பெயரோடு வந்தது. மறுபடி அடித்தேன். இன்று காலை போன் செய்தாள்.

"உங்க வரியைக் காப்பாத்தப் போயிதான் சார் எனக்கு இது கெடச்சுது. நீங்க அடிச்சா நான் திரும்பவும் எழுதுவேன்."

சாயங்காலம் மூன்றாவது பிரதி வந்தது. இருபத்து மூன்று பக்கத்தையும் வரி வரியாகப் படித்தேன். பதினான்காம் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் திருத்தி அனுப்பினேன்.