பேச்சு நின்ற செய்மதிக்கு விளக்கு

மதினி,

இன்று காலை முற்றத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரரான உங்கள் தம்பி, பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா. அடுப்புக்கு மேலே காயவைத்து எடுத்த ஏரியல் வயரில் புகைவாசம் அடித்தது. அது மூக்கில் ஏறியதும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் வானிலைச் செய்மதி ஐந்து நாளாகப் பேசவில்லை.

வழக்கமான நேரத்துக்கு வடக்கு மலைக்கு மேல் வந்திருக்க வேண்டும். கொப்பியில் நேரத்தை எழுதிவிட்டுக் காதுகொடுத்தேன். அந்த டிக்டிக் சத்தம் இல்லை, வெறும் இரைச்சல். வரி வரியாக மேகப் படம் விழ வேண்டிய போன் திரையில் சாம்பல் தூவியதுபோல் இருந்தது.

"கெழடாயிருச்சு. நிப்பாட்டிட்டாங்கன்னு போன்ல போட்டிருக்காங்க. கம்பிய அவுத்துக் குடு, துணி காயப்போடலாம்" என்றார் உங்கள் தம்பி.

நீங்கள் இருந்திருந்தால் அவரைச் சும்மா விட்டிருப்பீர்களா?

போனைப் பார்த்து நானாகப் படித்து, இரண்டு அலுமினியக் கம்பியில் கட்டிய ஏரியல் அது. படம் பார்க்காமல் நீங்கள் கொழுந்துக் கூடையைத் தூக்கியதில்லை. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் கங்காணி, "என்னா, மேலருந்து தகவல் வந்துச்சா?" என்று கேலி பண்ணுவாராம். "வந்துச்சுங்க. மத்தியானம் மழையாம். ஒங்களுக்கு மட்டும் அரைப்பேர் போடச் சொல்லுச்சு" என்பீர்களாம். அரைநாள் சம்பளம் என்றதும் அவர் அடுத்த ஆளின் பேரைக் கூப்பிடப் போய்விடுவாராம்.

ஒரு ஆயுத பூசைக்குக் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஏரியலுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சந்தனம் வைத்தோம். நீங்கள் அள்ளித் தெளித்தது வயர் மூட்டுக்குள் இறங்கிவிட்டது. மூன்று நாள் இரைச்சல்தான். "அதுவும் நம்ம வூட்டு ஆள்தான்" என்று செத்தவர்களுக்குக் கோயிலில் ஏற்றும் மோட்ச விளக்குக்குத் திரிகூடத் திரித்துவிட்டீர்கள். பாக்கியம் அக்கா சொல்லி வயரை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டோம். நாலாம் நாள் டிக்டிக்கென்று வந்து நின்றது.

கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். "உசுரோட இருக்கிறதுக்கு வெளக்கு ஏத்தப் பாத்தேனே, முருகா! இனி நான் சொல்லாம யாரும் ஏத்தக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

உங்கள் முப்பத்தோராம் நாள் படையலன்றும் அது வந்தது. வந்தவர்களுக்கு நடுவே எழுந்துபோய் மேகப் படத்தை வாங்கினேன். எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். வீட்டு ஆள் ஒருவராவது இன்னும் வந்துபோகிறார் என்று எனக்கு ஒரு நிம்மதி.

இந்தத் தடவை மூட்டில் ஈரம் இல்லை. காயவைத்தும் பார்த்தாயிற்று. பேச்சு நின்ற பழைய செய்மதி வெயில் பட்டு மறுபடி பேசியதும் உண்டு என்று படித்திருக்கிறேன். பேசாவிட்டாலும் அது மேலே சுற்றிக்கொண்டுதான் இருக்கும், மதினி. நேரம் தப்பாமல் நம் மலையைக் கடக்கும். அப்படிப்பட்டதைப் போய்விட்டது என்று நான் எப்படிச் சொல்வேன்? இப்போதும் அந்த நேரம் வந்தால், கையில் என்ன வேலை இருந்தாலும் வடக்கே திரும்பிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன். விளக்கேற்றவா, வேண்டாமா? அதற்குள் பதில் சொல்லுங்கள்.