மூன்றாவது ஓலைக்கு முன்

நவ. 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். வீட்டில் இருக்கும் இரண்டு குடையும் ஓட்டை. அம்மாவுடன் மாதா கோயிலில் காலைப் பூசை.

நன்மை அப்பம் வாங்கிய பிறகு, யாருக்கு யாரோடு கல்யாணம் என்று அறிவிக்கும் ஓலை வாசித்தார்கள். நான் பாதித் தூக்கம். ஒரு பெயரில் தூக்கம் போயிற்று. ஜெ. (இங்கேகூட முழுப்பெயர் எழுதமாட்டேன்.) நம்மூர் மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலை. போன வருடம் எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுக்காக நான் பேட்டி எடுத்தவர்களில் ஒருவன். தொற்று உள்ளவன், மாத்திரை தவறாதவன். கல்யாணம் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் நமக்கு எதுக்குக்கா" என்று சிரித்தான்.

பெண், ரோஸ்லின். எங்கள் எதிர்வீடு. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் சொல்தா வீடு என்றால்தான் தெருவில் தெரியும். என்னை அக்கா அக்கா என்று சுற்றி வளர்ந்தவள்.

"இவர்களுக்குள் விக்கினம் ஏதேனும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." இது முதல் ஓலை. இன்னும் இரண்டு ஞாயிறு, இரண்டு ஓலை. விக்கினம் என்றால் ரத்த உறவு, முன்பே ஆன கல்யாணம், அப்படி. நோய் அதில் வராது. ஆனாலும் பெஞ்சில் உட்காரமுடியவில்லை.

மதியம் வஞ்சிரம். உப்பு கூடிவிட்டது.

நவ. 10, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

ஜெ.க்குக் கவுன்சிலர் எங்கள் செல்விதான். அவளிடம் மட்டும் பேசலாம், விதி அனுமதிக்கிறது. "எனக்கே சொல்லல பாருங்க மேடம், திருட்டுப் பய!" உடனே போன் போட்டு அவனை வரச் சொன்னாள். என்னிடம், "நீங்க எதிர்வீட்டுல வாயத் தொறக்கக் கூடாது."

தெரியாதா? புது ஆட்களுக்கு வகுப்பெடுக்கும்போது கையை ஆட்டி ஆட்டி நான் சொல்கிற விதி அது. வெளியே தெரியும் என்றால் ஒருத்தரும் பரிசோதனைக்கே வரமாட்டார்கள். யாரோ ஒரு பெண்ணாக இருந்தவரை சுலபமாக இருந்தது. எரிச்சல்.

கரண்ட் பில். குடைக் கம்பி. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

நவ. 12, புதன்

ஜெ. வந்தான். நானும் இருக்கட்டும் என்று அவனே சொன்னான்.

"ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்குக் கொறஞ்சிடுச்சு, யாருக்கும் பரவாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் எதுக்கு அவகிட்ட சொல்லணும்?"

செல்வி: "மாத்திரைய வுடாம போட்டா பரவாதுதான். தெனம் அதை எங்க ஒளிச்சு வெப்ப, அரிசி டப்பாலயா?"

"சொன்னா கல்யாணம் நின்னுடும். கோயில்ல ஓலை வாசிச்சாச்சு. இப்ப நின்னா ஊரே ஏன் எதுக்குன்னு கேக்கும். எங்கம்மா உயிரையே வுட்டுடும்."

அதுவும் நியாயம்தான். ஓலை வாசித்த கல்யாணம் காரணம் சொல்லாமல் நிற்காது. நான் ஒன்றுதான் சொன்னேன்: அவள் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். எழுந்து கதவுவரை போய்த் திரும்பினான்.

"மூணாவது ஓலைக்கு முன்னாடி சொல்லிடறேங்க்கா."

நவ. 13, வியாழன்

மேகம். வைத்திக்குப்பத்தில் ரத்தப் பரிசோதனை முகாம். படகு நிழலில் வலை சரிபண்ணிக்கொண்டிருந்தவர்: "எனக்கெதுக்கும்மா டெஸ்ட்டு? நாங்கள்லாம் நல்ல குடும்பம்." இதே பதில்தான் உழவர்கரைக் குடியிருப்பு நகர்களிலும். ஜெ.யும் நல்ல குடும்பம்தான்.

செருப்பு முழுக்க மணல்.

நவ. 16, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஜெ. எங்களுக்கு முன் வரிசையில். வெளியில் பார்த்தால் ஆய்வுக்கு வந்தவர்களுக்கு நாங்களாக வணக்கம் சொல்வதில்லை. தெரியாதவர்கள் போல நடந்துவிடுவோம். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது, திரும்பிக் கைகூப்பினான். வேறு வழி? நானும் கூப்பினேன். மெல்லத் தலையை இடவலமாக ஆட்டினான். இன்னும் சொல்லவில்லை.

வாசலில் ரோஸ்லின்: "அக்கா, கல்யாணத்தன்னிக்கு கேம்ப்பு கீம்ப்புன்னு எஸ்கேப் ஆனீங்க, அவ்ளோதான்!"

சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்தது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நவ. 20, வியாழன்

ஆய்வு அறிக்கை எட்டாம் பக்கத்தில் நிற்கிறது. எதிர்வீட்டில் பந்தலுக்கு அளவெடுக்கிறார்கள். ஜெ. போனை எடுப்பதில்லையாம்.

நவ. 22, சனி

நல்ல மழை. மாலை செல்வி போன். ஜெ.யும் ரோஸ்லினும் அவளிடம் வந்திருந்தார்களாம். வாசல்வரை வந்து திரும்பிப் போகப் பார்த்தவன், கடைசியில் அவனே எல்லாவற்றையும் சொன்னானாம். ரோஸ்லின் அழவில்லை. மாத்திரை டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறக்கும் குழந்தைக்கு வருமா என்று கேட்டாள். செல்வி விளக்கியிருக்கிறாள்.

"வேற யார் யாருக்குத் தெரியும்னு கேட்டுச்சு மேடம். நான் வாயத் தொறக்கல. அவருதான் உங்க பேரச் சொல்லிட்டாரு."

முடிவு எதுவும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாளாம்.

நவ. 23, ஞாயிறு

மழை விட்டிருந்தது. மூன்றாம் ஓலை. வேறு ஜோடிகளை முதலில் வாசித்தார்கள். கடைசியில் இந்த இரண்டு பெயரும். அப்பாடா!

பூசை முடிந்து அம்மா மாதா சிலை இருக்கும் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனாள். ரோஸ்லின் நேரே என்னிடம் வந்தாள்.

"மொத ஓலையிலேயே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எதிர்வீட்லதான இருக்கீங்க. சொல்லணும்னு தோணவே இல்லியா?"

"தெனமும் தோணுச்சு. சொல்லக் கூடாது."

"நாளைக்கு என் தங்கச்சிக்கே இப்படின்னாலும்?"

"சொல்லமாட்டேன்."

தலையிலிருந்த முக்காட்டை இறக்கினாள்.

"அவரு மேல இருக்கற கோவம் போயிடும்க்கா. கூடவே இருக்கப் போறவரு, சண்டை போட்டுத் தீத்துக்குவேன். உங்க மேல இருக்கறது எப்பப் போவும்னு தெரியல. கல்யாணத்துக்கு அம்மாவ மட்டும் அனுப்புங்க."

சரி என்றேன். அம்மாவிடம் என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை.