மையவாடிக்குப் போன கிதாபு

கொழும்பு,
30.11.1978

அன்புள்ள மச்சான் கபூர் மாஸ்டருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சூறாவளிச் செய்தி கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. நீங்களும் ஜுனைதாவும் சுகமென்று எழுதுங்கள்.

அலுமாரியில் இருக்கும் அறபுத் தமிழ்க் கிதாபு, அறபு எழுத்தில் தமிழ் எழுதிய அந்தக் கையெழுத்துப் புத்தகம், நனைந்திருந்தால் வெயிலில் போட வேண்டாம். நிழலில் ஆறவிட்டு, சுத்தமான வெள்ளைப் புடவைத் துணியில் சுற்றி, உயரத்தில் வையுங்கள். எங்கள் நூலகத்தில் அரிய நூல்களுக்கு அப்படித்தான் செய்கிறோம். அந்தப் பெண் புலவரின் காவியத்துக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. இருபது வருடமாக அதைத்தான் ஆராய்கிறேன். இன்னும் பாதிதான் பார்த்தெழுதியிருக்கிறேன்.

உங்கள்,
அதாவுல்லா


சாய்ந்தமருது,
21.12.1978

அன்பின் மச்சான்,

வ அலைக்குமுஸ்ஸலாம். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்றும் கட்டுரை திருத்தும் பழக்கம் போகவில்லை: உங்கள் கடிதத்தில் பெண்சாதிக்கு அரை வரி, மிச்சமெல்லாம் கிதாபுக்கு.

கூரை போய்விட்டது. சுவர் விழுந்து தங்கச்சி ஜுனைதாவின் வலக்கை முறிந்தது. இடக்கையால்தான் கிதாபை ஆறவைத்து, தன் தொழுகைப் புடவையைக் கிழித்துச் சுற்றினாள். மழை விடவில்லை. ஓடு பறக்காத இடம் பள்ளிவாசல்தானே என்று நான் அங்கே கொண்டுபோய் வைத்தேன். நனைந்த குர்ஆன்களையும் ஊரார் அங்கேதான் சேர்த்திருந்தார்கள். பாங்கு சொல்லும் மோதினார் அச்சிமுகம்மது, பாழான குர்ஆன்களை மண்ணில் அடக்கும் முறைப்படி, எல்லாவற்றையும் ஒன்றாக, இறந்தவர்களை அடக்கும் மையவாடியில் அடக்கிவிட்டார்.

"அறபு எழுத்து, வெள்ளப் புடவையும் சுத்தியிருந்திச்சி சேர். மௌத்தானவங்களுக்குப் போல கபன் போட்டு அடக்கத்தான் தந்திருக்காங்கெண்டு நினைச்சன். துஆவும் ஓதினன்" என்று அழுகிறார்.

தெரிந்த அன்றே தோண்டினோம். குழி நிறைய மழைத் தண்ணீர். பிள்ளைகள் சிலேட்டைத் துப்பி அழித்த மாதிரி ஓர் எழுத்தும் இல்லை, மச்சான்.

"அவர் என்ன செய்வாரோ காக்கா" என்று அண்ணன் என்னிடம் புலம்பிக்கொண்டு ஜுனைதா சாப்பிடாமல் கிடக்கிறாள். ஒருதரம் வந்து போங்கள்.

கபூர்


கொழும்பு,
9.1.1979

மச்சான்,

யாரிலும் குற்றமில்லை. வெள்ளைப் புடவை என்று எழுதியவன் நான்தான். யார் யாருடைய ஏடுகளையோ பூச்சி தின்னாமல் காத்துச் சம்பளம் வாங்கினேன். பார்த்தெழுதிய பாதியை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். தலையும் உடலுமாக இருந்தது இப்போது தலை மட்டும். அதை யார் அச்சிடுவார்கள்? வரச் சொல்கிறீர்கள். அங்கே எனக்கு இனி என்ன இருக்கிறது?

அதாவுல்லா


சாய்ந்தமருது,
2.2.1979

ஜனாப் அதாவுல்லா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஜுனைதாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை விட்டுவிட்டேன்.

"மிச்சத்தையும் வாசிங்க காக்கா" என்றாள். வாசித்தேன்.

"என்ட கை எப்பிடியெண்டு கேட்டிருக்காரா?"

"இல்ல புள்ள."

"அப்ப, அவர் உள்ளதத்தான் எழுதியிருக்கார்."

கை கோணலாகப் பொருந்திவிட்டது. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை. விவாகத்தை ரத்துச் செய்யக் கேட்டு, வரும் 17ஆம் திகதி சனிக்கிழமை காதியாரிடம் போகிறாள். நான்தான் கூட்டிப் போகிறேன். அதற்கு முன் நீங்கள் வந்தால் நிறுத்தலாம் என்று எழுதப் போனேன். எழுத வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

அ. அப்துல் கபூர்