வரத்தும் வெளியேற்றமும்

ஜூன் 9
நேற்று புதிய தலைமைப் பொறியாளரின் பதவி உயர்வு விருந்து. அணையின் நீர்மட்டம் எடுக்க நான் கற்றுக்கொடுத்தவன். இனி என் பதிவேட்டில் அவன் கையெழுத்து. விருந்திலிருந்து வந்ததிலிருந்து எனக்கு வயிற்றோட்டம். அவனுக்கு ஒன்றுமில்லையாம். அதிலும் அநியாயம்.

ஜூன் 10
பதினோரு முறை.

ஜூன் 11
ஒன்பது. நிறத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை.
மனைவி உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை நீட்டினாள். தள்ளிவிட்டேன். உள்ளே போனால்தானே வெளியே வரும்? "உங்க அக்காவையாவது கேக்கட்டுமா?" என்றாள். அக்கா நர்ஸ். எட்டு வருடம் முன்பு, அப்பாவின் சாவு வீட்டில், உறவு மொத்தமும் பார்க்க என்னைப் "படிச்ச முட்டாள்" என்றவள். செத்தாலும் வேண்டாம் என்றேன்.

ஜூன் 12
மூன்றே முறை. ஜெயித்துவிட்டேன். எழுந்தால் மட்டும் சுவர் நகர்கிறது. நாக்கு அட்டை மாதிரி. இது என் கையெழுத்தா?

ஜூன் 14, மருத்துவமனை
முந்தாநாள் மாலை மனைவி கேட்காமலே போனை என் காதில் வைத்துவிட்டாள். எட்டு வருடத்துக்குப் பின் அக்காவின் முதல் வார்த்தை: "கடைசியா ஒன்னுக்கு எப்படா போன?"
யோசிக்க வேண்டியிருந்தது. முந்தைய நாள் காலை. கொஞ்சம், கருத்த தேநீர் நிறத்தில்.
"ரத்தம் போச்சா?"
மனைவிக்கே சொல்லாததைச் சொன்னேன்.
"அதப் பாத்த அன்னைக்கே வந்திருக்கணும். ரெண்டு நாள்ல நிக்கலைன்னாலும் வரணும். கெளம்பு. வழியெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா குடிச்சிட்டே வா."
"மூணு தடவையா குறைஞ்சிடுச்சே."
"உள்ள என்னடா மிச்சம் இருக்கு, வெளிய வர? வரத்த அடைச்சிட்டு மதகத் திறந்து வெச்சா அணை என்னாகும்?"

அவள் வேலை பார்க்கும் வார்டுதான். என் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். மடிப்பு அப்படியே நின்றது. இருபத்தாறு வருடம் அளவுகோல் படித்தவன் நான். என் தோலிலேயே ஓர் அளவுகோல் இருப்பது தெரியாது.
சிறுநீரகம் இன்னொரு நாள் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். இருதயத்துக்கும் மூளைக்கும் தண்ணீர் மிஞ்சட்டும் என்று அது தன் மதகை மூடிக்கொண்டிருந்ததாம். நான் ஒரு வாய் தர மறுத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே ஒவ்வொரு சொட்டாகச் சேமித்திருக்கிறது. யார் உத்தரவிட்டது? எந்தப் பதிவேட்டில் யார் கையெழுத்துப் போட்டது?
கையில் ஏறியது வெறும் உப்புத் தண்ணீர். இரண்டாவது பாட்டில் முடிவதற்குள் சுவர் நின்றுவிட்டது. சொட்டுவதையே பார்த்துக் கிடந்தேன். இத்தனை வருடம் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன் — பார்த்தேனா?

ஜூன் 15
காலை ஐந்தரைக்குச் சிறுநீர் போனது. வெளிர் மஞ்சள். தோலைக் கிள்ளிப் பார்த்தேன், உடனே படிந்தது. இன்னொரு முறை கிள்ளினேன், சும்மா.
அக்கா வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருந்தாள். நானே போன் செய்தேன். "போச்சு" என்றேன்.
மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும். பிறகு, "எவ்வளவுடா, படிச்ச முட்டாள்?"
"முந்நூறு மில்லி, அக்கா. அளந்துட்டேன்."