பேச்சியம்மா கேட்ட கேசட்

12 அக்டோபர் 1981, திங்கள். போடி.

மத்தியானம் பேச்சியம்மா மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி நேராக என் அறைக்கு வந்தாள். ஏலக்காய் எஸ்டேட்டில் பழமெடுப்பவள். போன மாதம் குறிசொல்லும் கோடாங்கி உடுக்கை அடித்தபோது, செத்துப்போன மகள் அவள் மேல் இறங்கிப் பேசினாள். நான் பதிவு செய்தேன். என் ஆராய்ச்சிக்கு அது வெறும் 'ஆவேசம், பதினோரு நிமிடம்'.

"எல்லாரும் கேட்டாங்க சார். எனக்கு மட்டும் நெனவு இல்ல. ஆளுக்கொண்ணு சொல்றாளுக. எம்மக பேசுனத ஒருவாட்டி போடுங்க."

புதுக் கேசட் கிடைக்காமல் அந்தப் பதிவின் மேலேயே ஒரு வியாபாரியின் பேட்டியைப் பதிந்துவிட்டேன். கோயில் திருப்பணி பற்றிய பேட்டி. நோட்டைப் புரட்டினேன். உடுக்கையின் வேகம், குரல் மாறிய நேரம், சுற்றி நின்றவர்கள் எத்தனை பேர், எல்லாம் இருந்தது. அந்த மகள் என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை. டேப்பில்தான் இருக்கிறதே என்ற திமிர்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நோட்டைப் பார்த்துப் படிப்பதுபோல் சொன்னேன்: "'அம்மா, நான் நல்லாருக்கேன், அழாதே'ன்னு சொன்னா."

நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"எம்மக என்னைய ஆத்தான்னுதான் கூப்பிடும் சார்."

கோபப்படவில்லை. ஜீப்பு போயிரும், வர்றேன் என்று எழுந்து போய்விட்டாள்.

எங்காவது ஒரு துண்டாவது மிஞ்சியிருக்காதா என்று கேசட்டை இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கும்பாபிஷேகத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று வியாபாரி சொல்லிக்கொண்டே இருக்கிறார்.